சாவிக்கொத்தில் தொங்கும் குறடு: மூன்று மாதம் பாவித்த கதை

ஜூன் மாதம் நம் மலையகத்து ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக் கண்ணாடி அலுமாரியில் இதைப் பார்த்தேன். மடித்து வைத்தால் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம், விரித்தால் குட்டிக் குறடு. கைப்பிடிகளுக்குள் ஒரு சின்னக் கத்தி, கத்தரிக்கோல், தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர், அரம், சோடா போத்தல் திறக்கிற கொக்கி, பக்கவாட்டில் செருகி வைத்த, முள் எடுக்கிற சாமணம். 1,950 ரூபா சொன்னார்கள், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன். பிராண்ட் பெயரை எழுதவில்லை, இதே சாமான் வேறு வேறு பெயர்களில் வேறு கடைகளிலும் தொங்குகிறது.

எனக்குத் தலவாக்கலையில் ஒரு சின்ன போட்டோகொப்பி கடை. ரீலோட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பிள்ளைகளின் ப்ரொஜெக்ட் பைண்டிங், இப்படி. கொட்டகலையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறேன். அதனால் நான் சொல்வதெல்லாம் மேசை வேலைதான், மரம் வெட்டவோ மோட்டார் சைக்கிள் கழற்றவோ இதை வாங்க நினைப்பவர்கள் இத்தோடு வாசிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் வாரம் எல்லாவற்றுக்கும் இதைத்தான் எடுத்தேன். பார்சல் டேப் வெட்ட, ஸ்டேப்ளருக்குள் சிக்கிய பின்னை இழுக்க, ஒரு மாமாவின் மூக்குக் கண்ணாடியில் கழன்ற ஆணியை முறுக்க. கண்ணாடி ஆணிக்கு ஸ்க்ரூ டிரைவர் முனை தடிப்பு, கத்தி நுனியால் சமாளித்தேன், அது நல்ல பழக்கம் இல்லை என்று தெரியும். மெஷினுக்குள் கிழிந்து நின்ற கடதாசித் துண்டை எடுக்க இந்தக் குறட்டின் மெல்லிய மூக்கு உண்மையிலேயே உதவியது, விரல் போகாத இடம் அது. ஆனால் சுவிட்சை நிறுத்தி, சூடான ரோலர் ஆறும்வரை பொறுத்து, டிரம் பக்கமே போகாமல் எடுக்க வேண்டும். டிரம்மில் இரும்பு பட்டுக் கீறினால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கொப்பியிலும் கோடு விழும், அந்தச் செலவுக்கு இந்த மாதிரி பத்து குறடு வாங்கலாம்.

இன்னொன்று. நம்மில் பலர் மூன்று ஓட்டை பிளக் பொயிண்டில் இரண்டு கால் சார்ஜரைத் திணிக்க, மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தித் திறப்போமே, அந்த வேலைக்குக் கை தானாக இதைத்தான் எடுக்கும். தயவுசெய்து வேண்டாம், இது முழுக்க இரும்பு.

சரி, குறைகளுக்கு வருகிறேன். கடைக்காரர் மேசையில் வைத்து விரித்துக் காட்டியபோது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. காலை ஆறு மணிக்கு, மழையில் நனைந்த கையோடு, ரயில் மேடையில் நின்று குடைக் கம்பியை நிமிர்த்தப் போனேன். கத்தி, கத்தரிக்கோல் எதுவானாலும் நகத்தை ஒரு மெல்லிய பள்ளத்தில் கொடுத்துத்தான் இழுக்க வேண்டும். விறைத்த விரலுக்கு அந்தப் பள்ளம் அகப்படவே இல்லை. குறடு மட்டும் விரிந்தது, அதையும் அழுத்தினால் வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குடைக் கம்பி அப்படியே இருந்தது, என் நகம்தான் போனது. நம் பக்கத்துக் குளிருக்கு வாங்குகிறவர்கள் கடையிலேயே கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத் திறந்து பாருங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை.

ஜூலை மழையில் குறட்டின் மூட்டில் செம்மண் நிறத்தில் துரு கண்டது. பெட்டியில் ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருக்கிறதே என்றால், அந்த இரும்பும் துருப்பிடிக்கும், மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். ஈரத்தோடு மடித்துக் காற்சட்டைப் பையில் போட்டது என் தப்பு. அம்மா பார்த்துவிட்டு இரவே தேங்காய் எண்ணெய் விட்டு வைத்தார். காலையில் எடுத்தால் குறடு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. போத்தலிலும் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது, இதன் மூட்டுக்குள்ளும் அதேதான். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனாலே இறுக ஆரம்பித்துவிடும், எங்கள் இரவு எங்கே 24-ஐப் பார்த்தது? அடுப்புப் பக்கத்தில் வைத்து உருக்கி, துணியால் துடைத்து, பிறகு தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். இப்போது பட்டென்று விரிகிறது.

அம்மா ஓய்வு பெற்றும் கைச்செலவுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர். ஒரு நாள் விரலில் முள்ளோடு வந்தார். சாமணத்தை எடுத்து ஒளியில் பிடித்தால் இரண்டு நுனியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, நடுவில் மயிரிழை இடைவெளி. முள் தெரிகிறது, பிடிபடவில்லை. அரத்தில் நாலு தடவை தேய்த்து நுனியைச் சமப்படுத்திய பிறகுதான் வந்தது. அதற்குள் அவர் தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கை எடுத்துப் பாதி வேலையை முடித்திருந்தார். "ஊக்கு என்ன விலைடா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

கட்டாரில் இருந்து லீவில் வந்த மச்சான் சாவியில் விக்டொரினொக்ஸ் கிளாசிக் எஸ்டி என்கிற குட்டி சுவிஸ் மடக்குக் கத்தி இருந்தது. 58 மில்லிமீற்றர் நீளம், 21 கிராம் அளவு பாரம். என்னுடையதைப் பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்தால் 63 கிராம். சாவிக்கொத்தில் அந்த வித்தியாசம் நடக்கும்போதே தொடையில் தெரியும். மச்சானுடையதில் குறடு இல்லை, போத்தல் திறக்க முடியாது. ஆனால் கத்தரிக்கோல் வில் விட்டது போலத் தானாக விரிகிறது, நூல், நகம், பிளாஸ்டர் எல்லாம் சுத்தமாக வெட்டுகிறது. சாமணம் முள்ளை முதல் தடவையிலேயே பிடித்தது, பல்குத்தும் குச்சி கூட உள்ளேயே இருக்கிறது. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய கார்ல் எல்செனர் 1909-இல் இறந்த தன் தாய் விக்டோரியாவின் பெயரை வைத்தாராம், 1921-இல் அவர்கள் கத்திக்குத் துருப்பிடிக்காத இரும்பு வந்தபோது பிரெஞ்சில் அதற்குச் சொல்லும் 'இனொக்ஸ்' பின்னால் ஒட்டிக்கொண்டது. அம்மாவிடம் சொன்னேன், "நல்ல பிள்ளை" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

மூன்று மாதக் கணக்கில் நான் அதிகம் தொட்டது கத்தரிக்கோல், அப்புறம் சாமணம், அப்புறம் கத்தி. குறட்டுக்காகத்தான் வாங்கினேன், அதை எடுத்தது பத்து தடவை இருக்காது. பெரிய குறடு கடையில் கிடக்கும்போது அந்த ஒன்றுக்காக நாற்பது கிராம் கூடுதலாகச் சுமக்க எனக்கு மனமில்லை. வெளியில் நின்று வயர் வேலை பார்க்கிற தம்பிமாருக்கு வேறு கணக்கு இருக்கலாம், 1,950 ரூபாவுக்கு ஏமாற்று என்றும் சொல்ல மாட்டேன்.

இப்போது என்னுடையது மெஷினுக்குக் கீழ் லாச்சியில் கிடக்கிறது. மச்சானிடம் அடுத்த லீவுக்கு ஒரு கிளாசிக் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். கைப்பையில் போடாதே, கத்தி இருக்கிறது, எயார்போர்ட்டில் எடுத்தாலும் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியில் போடு என்று இரண்டு தடவை வொய்ஸ் மெசேஜ் அனுப்பியாயிற்று. ஆள் இன்னும் கேட்கவில்லை.