வள்ளம் கட்டப் பலகை வாங்குவோருக்கு: 710 முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள்

குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், களியக்காவிளைக்கும் கொல்லங்கோட்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில், சொந்தக் கையால் ஒரு சிறு வள்ளம் கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு பலகை விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எல்லையை ஒட்டிய ஒரு பெரிய பலகைக் கடையில் நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கு (அதன் தர எண்தான் 710) உரிய விலையை வாங்கிக்கொண்டு, நனைந்தால் பிரிந்துவிடும் சாதாரணப் பலகையை என் வீட்டில் இறக்கினார்கள். பலகைகளை இணைத்து இறுக்கும் எப்பாக்சி ரெசின் (பிசின்) என்று சொல்லி வேறொரு ரெசினைத் தந்தார்கள். புகார் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரைக் காட்டிலும் ஏமாற்றிய விதம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் கட்ட நினைத்தது, குழித்துறைக்குக் கீழே குமரி மாவட்டத் தாமிரபரணி அகன்று தேங்காய்ப்பட்டணத்தில் கடலோடு சேரும் பகுதியில் இருவர் அமர்ந்து துடுப்புப் போடக்கூடிய, பதினைந்து அடி நீளமுள்ள இலேசான வள்ளம். எங்கள் பக்கத்தில் வள்ளத்துக்கு என்றால் முதலில் அயனி மரத்தைத்தான் சொல்வார்கள். கேரளத்தின் நீண்ட பந்தயப் படகுகளான சுண்டன் வள்ளங்களுக்கும் அதுவே மரம். ஆனால் அந்த அளவுக்குப் பெரிய தடி கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் விலை என் போன்றவர்களுக்கு எட்டாது. ஆகவே பிளைவுட் பலகைகளை வடிவத்துக்கு வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தைத்த இடத்தை எப்பாக்சியாலும் கண்ணாடியிழைத் துணியாலும் இறுக்கும் முறையைத் தேர்ந்தேன். இந்த முறை நம் கரைக்கு அந்நியமானதன்று. 1980-களில் முட்டத்தில் பியர் கில்லே என்பவர் உள்ளூர் ஆசாரிமார்களோடும் மீனவர்களோடும் சேர்ந்து பிளைவுட் வள்ளங்களை உருவாக்கியபோது பழகிய கைகள் இன்றும் இந்தக் கடற்கரையில் இருக்கின்றன.

இப்படிக் கட்டும் வள்ளத்துக்குள் கனமான விலாச்சட்டங்கள் கிடையாது. நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையே தோலும் எலும்புமாக நின்று ஆளின் எடையையும் நீரின் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். அப்பலகையின் அடுக்குகளை ஒட்டிய பசை நீரில் விட்டுப்போகுமானால், மேலே எவ்வளவு அழகாக வார்னிஷ் அடித்திருந்தாலும் பயனில்லை. கண்ணாடியிழைத் துணிக்கு அடியில் அடுக்குகள் பிரிவது வெளியே தெரியவும் தெரியாது. அது தெரியவரும் இடம் முகத்துவாரத்து இழுப்பின் நடுவாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆற்றோரத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்திய தர நிர்ணயத்தில் மரைன் பிளைவுட்டுக்கு உரிய எண் ஐஎஸ் 710. வீட்டு வேலைக்கான பொதுப் பலகைக்கு உரியது ஐஎஸ் 303. முன்னதில் அடுக்குகளை ஒட்டும் பசை பீனால் பார்மால்டிஹைடு வகை. அதன் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டாலும் அடுக்குகள் பிரியக்கூடாது. பின்னதில் மலிவான ரகத்துக்கு யூரியா பார்மால்டிஹைடு பசையே போதும். அலமாரிக்கு அது தாராளம், தண்ணீருக்கு ஆகாது. பீனால் பசை கரும்பழுப்பாகவும் யூரியா பசை வெளிறியும் இருக்கும் என்பதால், பலகையின் ஓரத்தைப் பார்த்தே தரத்தைச் சொல்லிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் யூரியா பசையில் சாயம் கலந்து கறுப்பாக்கி விற்பதும் உண்டு. எனக்கு வந்த பலகைகளின் ஓரங்களும் நல்ல கறுப்பாகத்தான் இருந்தன.

கடையில் காட்டிய பலகை உண்மையிலேயே நல்ல பலகை. அதன் முகத்தில் ஐஎஸ்ஐ முத்திரையும், மேலே 710 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் தெளிவாக இருந்தன. நான் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். "சாறே, இது வள்ளத்துக்குக் கொண்டுபோற சாதனம்தான், தைரியமாக் கொண்டுபோங்க" என்று கடைக்காரர் சொன்னார். மதிப்பீட்டுச் சீட்டில் "710 மரைன், 4 எம்எம்" என்று அவர் கைப்படவே எழுதித் தந்தார். பலகைகள் லோடு ஆட்டோவில் மாலைக்கு மேல் வந்து இறங்கின. அவற்றிலும் 710 முத்திரை இருந்தது. ஆனால் உரிம எண் இருந்த இடம் மை இழுகி மங்கியிருந்தது.

எட்டடிப் பலகைகளைச் சாய்வாகச் செதுக்கி ஒட்டி நீளமாக்கி, பக்கப் பலகைகளை வெட்டி, முன்முனையில் கம்பியால் இழுத்துக் கட்டும்போது ஒரு பலகை வளைவில் சடக்கென்று ஒடிந்தது. ஒடிந்த வாயில் பார்த்தால், நடு அடுக்கில் விரல் அகலத்துக்கு மரமே இல்லை. இரண்டு துண்டுகளுக்கு நடுவே வெற்றிடத்தை விட்டு மேலே மெல்லிய முகப்பலகையை ஒட்டி மூடியிருந்தார்கள். மரைன் தரப் பலகையில் இத்தகைய உள்வெற்றிடத்துக்கு இடமில்லை. கழிவாக விழுந்த துண்டுகளைச் சமையலறைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டேன். ஒரு மணி நேரம் ஆவதற்குள் அவை பழைய நோட்டுப் புத்தகம் போல ஏடு ஏடாக விரிந்துவிட்டன. தண்ணீரும் கறுத்தது, மரத்தின் சாறும் நீரைக் கறுக்கச் செய்யும் என்பதால் அதை நான் சான்றாகக் கொள்ளவில்லை. அடுக்கு பிரிந்தது ஒன்றே போதுமான சான்று.

முட்டத்துப் பக்கம் பல ஆண்டுகள் வள்ளம் கட்டிய ஒரு மூத்த ஆசாரியிடம் துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அவற்றைக் கையில் வாங்கி, ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு, "மக்களே, இது வெள்ளத்துல கிடக்கப்பட்ட பலகை இல்ல, இத வச்சு ஆளை ஏத்திராத" என்றார். வெள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் தண்ணீர்.

பிறகு படங்களையும் பலகைகளையும் ஒப்பிட்டேன். முத்திரை ஓரளவு படிக்கும்படி இருந்த ஒரு பலகையின் உரிம எண், கடையில் நான் படம் எடுத்த எண் அன்று. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அதை இட்டுப் பார்த்தபோது, அது வேறொரு தயாரிப்பாளருக்கு 303-க்காக வழங்கப்பட்ட உரிமம் என்று காட்டியது. அதாவது ஒருவருடைய எண்ணை எடுத்து, அதன் மேல் 710 என்று குத்தியிருக்கிறார்கள்.

ரெசின் விஷயம் சுருக்கமானது. ஆனால் அதுவும் சிறிய குற்றமன்று. டின்னில் எப்பாக்சி என்று ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்தவுடனே பைபர் படகு பட்டறைகளில் மூக்கைத் துளைக்கும் ஸ்டைரீன் வாடை வந்தது. அது பாலியெஸ்டர் ரெசினின் வாடை. எப்பாக்சியில் அது வராது. கூடவே தந்த கடினப்படுத்தியோ ஒரு சிறு குப்பி. எப்பாக்சிக்கு, தயாரிப்பைப் பொறுத்து, ரெசினில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதியோ அதற்கு மேலோ கடினப்படுத்தி தேவைப்படும். பாலியெஸ்டருக்குத்தான் நூற்றுக்கு ஒன்று இரண்டு போதும். பாலியெஸ்டர் கண்ணாடியிழையோடு நன்றாகப் பிடிக்கும், மரத்தோடு அவ்வளவாகப் பிடிக்காது; ஈரம் ஏறினால் மரத்தை விட்டு உரிந்து வரும். தையலை இறுக்கி நிற்க வேண்டிய பொருளையே மாற்றிக் கொடுப்பவர், அந்த வள்ளத்தில் ஏறப்போகிறவர்களின் உயிரைப் பற்றிச் சிறிதும் எண்ணவில்லை என்றே நான் கருதுகிறேன்.

கடைக்குச் சென்று கேட்டபோது, வளைத்த வளைப்பில்தான் ஒடிந்தது என்றார்கள். கொதித்துப் பிரிந்த துண்டை மேசைமேல் வைத்ததும், "பில்லில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் கொடுத்தோம்" என்று பேச்சை மாற்றினார்கள். அவர்கள் தந்த ஜிஎஸ்டி பில்லில் "பிளைவுட் 4 எம்எம்" என்று மட்டுமே இருந்தது. 710 என்ற எண்ணோ மரைன் என்ற சொல்லோ இல்லை. சீட்டில் எழுதுவதைப் பில்லில் எழுதாமல் விடுவது இந்த ஏமாற்றின் முக்கியமான கண்ணி என்பது எனக்கு அப்போது உறுதியாயிற்று. கையெழுத்துச் சீட்டு என்னிடம் இருப்பதைக் காட்டிய பிறகே அவர்களின் குரல் இறங்கியது. அதற்குப் பிறகும் அவர்கள் முன்வந்தது, அதே அடுக்கிலிருந்து வேறு பலகைகளை மாற்றித் தருவதற்குத்தான். நான் ஏற்கவில்லை.

ஆகவே வாங்கப்போகிறவர்கள் பில்லிலேயே "ஐஎஸ் 710" என்றும் தயாரிப்பாளரின் பெயரும் எழுதும்படி கேளுங்கள். தயங்கும் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள். கடையில் காட்டிய பலகையில் உள்ள ஏழு அல்லது பத்து இலக்க உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பலகையிலும் அதே எண் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எண் மங்கியிருந்தால் அந்தப் பலகையை இறக்கவே விடாதீர்கள். அளவு போடும் முன் ஒரு மூலையை அறுத்துக் கொதிக்க வையுங்கள். 72 மணி நேரம் அடுப்பு எரிப்பது வீட்டில் இயலாது என்றாலும், போலிப் பலகை அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்காது. ரெசின் டின்னைக் கடையிலேயே திறந்து முகர்ந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

கேரளத்துக் கடையில் வாங்கியவர்கள் அங்கேபோய்த்தான் வழக்காட வேண்டும் என்று நம் பக்கத்தில் ஒரு தயக்கம் இருக்கிறது. அதை நம்பித்தான் சில கடைகள் துணிகின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முத்திரையைப் போலியாகக் குத்தியதைப் பற்றித் தனியாகப் பிஐஎஸ் கேர் செயலியிலும் புகார் பதியலாம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். ஒடிந்த பலகை, பிரிந்த துண்டுகள், மூடிய ரெசின் டின், சீட்டு, பில், படங்கள் ஆகியவை நாகர்கோவில் ஆணையத்தில் காட்டுவதற்காக அப்படியே என் வீட்டில் இருக்கின்றன. அந்தக் கடையில் அதே அடுக்கிலிருந்து நான்கு மில்லிமீட்டர் பலகை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், வெட்டுவதற்கு முன் முதலில் உரிம எண்ணைச் சரிபாருங்கள். ஏற்கெனவே வள்ளமாகக் கட்டிவிட்டவர்கள், கழிவுத் துண்டு ஒன்றைக் கொதிக்கவைத்துப் பார்க்கும்வரை அதை ஆற்றில் இறக்காதீர்கள்.