கடலடித் தந்தி வரைபடம்: வகுப்பறைச் சுவரில் ஆறு மாதம்

கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பழைய வரைபடங்களைப் படியெடுத்து அச்சிட்டுச் சட்டமும் போட்டுத் தருகிற சிறிய கடை ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் பேரரசுக் காலத்தில் கடலுக்கடியில் தந்திக் கம்பிகள் சென்ற வழிகளைக் காட்டும் வரைபடம் ஒன்றைச் சென்ற கோடை விடுமுறையில் அங்கே வாங்கி, காங்கேயத்தை அடுத்துள்ள எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புச் சுவரில் மாட்டி ஆறு மாதம் ஆகிறது. மாட்டிய வாரமே எழுதியிருந்தால் தாளையும் அச்சையும் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பேன். பிள்ளைகளின் கேள்விகளுக்கு அந்தப் படம் எந்த அளவுக்கு ஈடுகொடுக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

மூலப்படம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அச்சானது. கடைக்காரர் அதை 3 அடி அகலமும் 2 அடி உயரமுமாக, ஒளி பட்டால் கூசாத கெட்டித் தாளில் அச்சிட்டிருக்கிறார். சட்டமில்லாமல் 650 ரூபாய். தேக்குச் சட்டமும் கண்ணாடியும் சேர்த்து 2,200 ரூபாய். கம்பி வழிகளைக் காட்டும் சிவப்பு மை எங்கும் கசியவில்லை என்பதை முதலில் பாராட்டவேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள போர்த்கர்னோவில் புறப்பட்டு ஜிப்ரால்டர், மால்டா, அலெக்சாந்திரியா, சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாயை வந்தடையும் கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஏடனை நெருங்கும் இடத்தில் கோடுகள் சென்னிமலைத் தறியின் அச்சுக்குள் நுழையும் பாவு இழைகளைப்போல ஒன்றோடொன்று ஒட்டி வருகின்றன. ஆனாலும் ஒவ்வொரு இழையையும் தனியாக எண்ணமுடிகிறது. சென்னைக் கரையிலிருந்து பினாங்குக்குப் போகும் கோட்டைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை என்பதற்குக் கண்ணாடியில் அந்த ஓரிடத்தில் மட்டும் படிந்திருக்கும் விரல் அழுக்கே சான்று. குறை என்று சொன்னால், ஊர்ப்பெயர்கள் மிகச் சிறியவை. இரண்டாம் பெஞ்சுக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர்களால் எதையும் படிக்கமுடியாது.

படத்தின் உண்மையான மதிப்பு எனக்குத் தெரியவந்தது ஜூலை மாதம் ஒரு மாணவி கேட்ட கேள்வியால்தான். "ஏனுங்க சார், கராச்சிக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவுல தரைதானே இருக்குது? அப்புறம் எதுக்குங்க இத்தன தூரம் கடலுக்குள்ள போட்டாங்க?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "தரையில போட்டா தோட்டக்காரங்க விட்டுருவாங்களா? எங்க தோட்டத்துல டவர் நட வந்தப்ப எங்க அப்பாரு குழிக்குள்ளயே போய் உக்காந்துட்டாரு" என்றான். உயர் மின்கோபுரங்களை எதிர்த்து நம் பகுதி உழவர்கள் நடத்திய போராட்டங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஒரு கம்பி ஒருவருடைய நிலத்தைக் கடக்கவேண்டுமானால் அவரிடம் கேட்டாகவேண்டும் என்பது பாடம் நடத்தாமலே தெரிந்திருக்கிறது. அந்தக் கேட்டல்தான் பிரிட்டிஷ் பேரரசின் தந்தி வரலாறு. இந்தப் படத்தில் காட்டப்படாமல் விடப்பட்டிருப்பதும் அதுதான்.

1857 மே மாதம் மீரட்டில் எழுந்த கிளர்ச்சியின் செய்தி, ஜூன் மாதக் கடைசியில்தான் லண்டனை எட்டியது. அந்தத் தாமதத்தைப் பொறுக்கமுடியாத பிரிட்டிஷ் அரசு, செங்கடல் வழியே கம்பி போட முன்வந்த ஒரு கம்பெனிக்கு வட்டி உத்தரவாதம் கொடுத்தது. 1859இலும் 1860இலும் சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சி வரை போடப்பட்ட அந்தக் கம்பி பல இடங்களில் அறுந்து பயனற்றுப் போனது. அரசோ கொடுத்த வாக்குக்காக ஆண்டுக்கு 36,000 பவுன் வீதம் 50 ஆண்டுகள் கட்டிக்கொண்டிருந்தது. கடல் கைவிட்டபோது, தரைவழியில் இருந்த அரசர்கள் ஒவ்வொருவரிடமும் போய் நிற்கவேண்டியதாயிற்று.

அப்படிப் போய் நின்ற இடங்களைப் படத்தில் விரலால் தொட்டுக் காட்டலாம். கராச்சியிலிருந்து மேற்கே மக்ரான் கரையோரம் குவாதர் வரை கம்பம் நட, பலுசிஸ்தானின் சிற்றரசர்களான கலாத்தின் கானிடமும் லாஸ் பேலாவின் ஜாமிடமும் உடன்பாடு வேண்டியிருந்தது. கம்பிக்குக் காவலாக இருக்க அவ்வட்டாரத் தலைவர்களுக்கு ஆண்டு மானியம் கொடுக்கப்பட்டது. குவாதரோ மஸ்கட் சுல்தானுக்கு உரியது. அங்கிருந்து பாரசீக வளைகுடாவின் தலைப்பகுதியிலுள்ள ஃபாவ் வரை 1864இல் கடலடிக் கம்பி போடப்பட்டது. அந்தப் பாரமான கம்பிச் சுருள்களை இங்கிலாந்திலிருந்து சுமந்து வந்தவை பாய்மரக் கப்பல்கள் என்று சொன்னபோது வகுப்பு நம்பவே இல்லை. ஃபாவிலிருந்து பாக்தாத் வழியாகக் கான்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) செல்லும் தரைப்பகுதி உதுமானியச் சுல்தானின் ஆட்சியில் இருந்தது. தன் மண்ணில் தன் ஊழியர்களே தந்தி அடிப்பார்கள் என்பதில் சுல்தானின் அரசு உறுதியாக நின்றது. அந்த ஒரு வழியை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்பதற்காக, தெஹ்ரான் வழியாக இன்னொரு கம்பி போட 1863இல் பாரசீக ஷாவுடன் தனியாக ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது.

இந்த வேலையை முன்னின்று நடத்திய கர்னல் பேட்ரிக் ஸ்டூவர்ட், 1865 தொடக்கத்தில் வழி முழுமையாகத் திறக்கும் வேளையில் கான்ஸ்டாண்டிநோபிளில் காலமானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கோல்ட்ஸ்மிட் சென்னைப் படையில் அதிகாரியாகச் சேர்ந்து பணியைத் தொடங்கியவர். கம்பிக்கு இடம் கேட்டு மக்ரானுக்குப் போன அவரே, 1871இல் பாரசீகத்துக்கும் கலாத்துக்கும் இடையே எல்லை வகுக்கும் ஆணையராகவும் போனார். கம்பத்துக்கு வாடகை யாரிடம் கொடுப்பது என்று கேட்டால், அந்த மண் யாருடையது என்ற கேள்வியும் கூடவே எழத்தானே செய்யும்? இதை எங்கள் பிள்ளைகளிடம் சொன்னபோது, வரப்புத் தகராறும் கிணற்றுப் பங்கும் கேட்டுப் பழகிய அவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

இருபது சொல்லுக்கு 5 பவுன் வாங்கிக்கொண்டு உதுமானிய நாட்டைக் கடக்கும் அந்த வழியில் அனுப்பிய தந்திகள், ஆங்கிலம் அறியாத எழுத்தர்களின் கைமாறிச் சிதைந்து, பல நாள் கழித்து வந்துசேர்ந்தன. ஆகவே வணிகர்களும் அரசும் இரண்டு மாற்று வழிகளைத் தேடினர். தந்தித் தொழிலில் இருந்த ஜெர்மானியரான சீமென்ஸ் சகோதரர்கள் பிரஷ்யா, ரஷ்யா, பாரசீகம் ஆகிய மூன்று அரசுகளிடமும் உரிமை பெற்று, லண்டனிலிருந்து பெர்லின், வார்சா, ஒடெசா, டிஃப்லிஸ் (இன்றைய திபிலீசி) வழியாகத் தெஹ்ரானுக்கு ஒரு தரைவழியை அமைத்தனர். 1870 ஏப்ரலில் நடந்த சோதனையில் லண்டனில் அடித்த செய்தி 28 நிமிடத்தில் கல்கத்தாவை எட்டியது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரஷ்யாவோடு சண்டை மூண்டால் முதலில் அறுபடக்கூடியது அந்தக் கம்பிதான். அதே ஆண்டு ஜூனில் கடலடிக் கம்பித் தொழிலதிபர் ஜான் பெண்டரின் கம்பெனிகள் பம்பாயைக் கடல்வழியாகவே இங்கிலாந்தோடு இணைத்தன. பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையிலான கம்பியைப் போட்டது கிரேட் ஈஸ்டர்ன் கப்பல். போர்ச்சுகலில் ஒருமுறை கரையேறி, எகிப்தைத் தரைவழியாகக் கடந்தால் போதும், மற்றபடி யாருடைய வாசலிலும் நிற்கவேண்டியதில்லை. 1871 தொடக்கத்தில் சென்னை பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைந்தது. 1902இல் பசிபிக் கம்பியும் முடிந்தபோது, பிரிட்டிஷ் மண்ணை மட்டுமே தொட்டு உலகைச் சுற்றும் தந்தி வழி ஒன்று உருவாகியிருந்தது. மாணவி கேட்ட கேள்விக்கு விடை அதுதான்: கடலுக்குள் அனுமதி கேட்க ஆள் இல்லை.

படத்தோடு கடைக்காரர் எட்டுப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குறிப்பேடும் தருகிறார். எனக்கு உண்மையான மனக்குறை இந்த ஏட்டின்மீதுதான். ஆண்டுகளும் கம்பெனிப் பெயர்களும் பிழையில்லாமல் இருக்கின்றன. ஆனால் மேலே சொன்ன சுல்தான்களும் ஷாவும் கானும் ஜாமும் ஒரு வரியில்கூட வரவில்லை. படித்தால் பிரிட்டன் நினைத்தது, கம்பி போட்டது, முடிந்தது என்றே தோன்றும். 1868இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தந்தி மாநாட்டின் மூலம், பிரிட்டனே உறுப்பினராவதற்கு முன்பு பிரிட்டிஷ் இந்தியா பன்னாட்டுத் தந்திச் சங்கத்தில் இடம்பெற்றது என்பதைச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பிரிட்டனில் தந்தி அப்போது தனியார் கையிலும், இந்தியாவில் அரசின் கையிலும் இருந்ததே காரணம். கம்பியைக் கடல்நீர் தீண்டாமல் காத்த கட்டாபர்ச்சாப் பிசினுக்காக மலாய்க் காடுகளில் மரங்கள் அடியோடு வெட்டப்பட்டதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

குறிப்பேட்டில் மிக நன்றாக வந்திருக்கும் பக்கம் கொக்கோஸ் தீவைப் பற்றியது. ஆப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மொரீஷியஸ் வழியாகப் பெர்த்துக்குப் போகும் கோடு, இந்தியப் பெருங்கடலின் நடுவே கடுகளவு புள்ளி ஒன்றைத் தொட்டுச் செல்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன், நவம்பர் 9 அன்று அந்தப் புள்ளியில் ஆள் இறக்கித் தந்தி நிலையத்தை உடைத்தது. ஆனால் நிலையத்தார் அதற்கு முன்பே அபாயச் செய்தியை அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டு வந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அன்றே எம்டனைத் தீர்த்துக்கட்டியது. "அவன் பெரிய எம்டன்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள், அந்தப் பெயருக்குரிய கப்பல் ஒரு தந்திக் கம்பியைத் தேடிப் போய் அழிந்தது என்று அறிந்த அன்று மணி அடித்தும் வெளியே போகவில்லை.

நம் கொங்கு நாடு படத்தில் இல்லை என்பதைக் குறையாகச் சொல்லமுடியாது. அது கடல் படம். என்றாலும் வகுப்பில் நான் அந்த இடைவெளியை வாயால் நிரப்பவேண்டியிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் லிவர்பூலில் பருத்தி விலை ஏறியபோது கோயம்புத்தூர் மாவட்டப் பருத்திக்கும் கிராக்கி வந்தது. போர் முடிந்து விலை சரிந்த 1865ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே தந்தி திறந்தது. அதற்குப் பின் கப்பல் வரும்வரை விலை தெரியாமல் காத்திருந்த காலம் போய்விட்டது. அப்பாரு காலத்தில் திருப்பூர் பஞ்சுத் தரகர்கள் பம்பாய் விலைத் தந்திக்காகத் தபால் நிலையத் திண்ணையில் காத்திருந்ததை எங்கள் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றபோது இந்தப் பிள்ளைகள் மிகச் சிறு குழந்தைகளாக இருந்திருப்பார்கள். தந்தி என்றால் அவர்களுக்குப் பத்திரிகையின் பெயர் மட்டுமே.

கடையின் சேவையைப் பற்றியும் சொல்லவேண்டும். பேருந்துப் பார்சலில் வந்த முதல் படத்தின் கண்ணாடி மூலையில் விரிசல் விட்டிருந்தது. தொலைபேசியில் சொன்னதும், "அனுப்பி வைக்க வேண்டாமுங்க, நானே ஆள் விட்டு மாத்தித் தர்றேன்" என்றார் கடைக்காரர். நான்காம் நாள் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டார்கள், பணம் வாங்கவில்லை. வாங்குபவர்கள் கூடுமானவரை நேரில் போய் எடுத்து வருவது நல்லது. வகுப்பறைக்கு என்றால் சட்டம் போட்டதையே வாங்கவேண்டும். தாளை மட்டும் ஒட்டினால் ஒரு பருவம் தாங்காது.

குறிப்பேட்டில் விடுபட்டதை எங்கள் வகுப்பே இப்போது எழுதியிருக்கிறது. உதுமானியச் சுல்தான், பாரசீக ஷா, மஸ்கட் சுல்தான், கலாத்தின் கான், லாஸ் பேலாவின் ஜாம், ரஷ்யாவின் ஜார், பிரஷ்யாவின் அரசர் என்று ஏழு பேரையும், கம்பிக்காக அவர்களிடம் கேட்கப்பட்டது என்ன என்பதையும் ஒரு சார்ட்டில் எழுதிப் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார்கள். அதன் புகைப்படத்தைக் கடைக்காரருக்கு அனுப்பினேன். அடுத்த அச்சில் குறிப்பேட்டோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்; பிள்ளைகள் கையெழுத்திலேயே போடுவதானால் சரி என்று பதில் எழுதியிருக்கிறோம்.