செட்டிநாட்டில் ஒரே நாள்: வீடுகளா, கோயில்களா?

காரைக்குடியில் வந்து இறங்கும் உறவினரும் நண்பரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கையில் ஒரு நாள் இருக்கிறது, எங்கே போகலாம்? வாடகைக் கார் ஓட்டுநரிடம் கேட்டால் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று மூன்று பெயர்களை மூச்சு விடாமல் சொல்லிவிடுவார். அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் இரணியூர், இளையாத்தங்குடி, கோவிலூர் ஆகிய பெயர்கள் அந்தப் பட்டியலில் ஒருபோதும் வருவதில்லை என்பதே என் மனக்குறை. இந்த இரண்டு வரிசைகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: ஓர் இடம் யாருக்காகக் கட்டப்பட்டதோ, அவர்கள் அதை இன்றும் புழங்குகிறார்களா?

முதலில் வீடுகள். கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கின்றன. காரில் அரை மணி நேரம் போதும். கானாடுகாத்தானின் சிறப்பு தனி வீட்டில் இல்லை, ஊரின் அமைப்பில் இருக்கிறது. அகலமான நேர்த் தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்ல, ஒரு தெருவில் முகப்பை வைத்துத் தொடங்கும் வீடு அடுத்த தெருவில் பின்வாசலோடு முடிகிறது. முகப்பில் நின்று பார்த்தால் பட்டாலை எனும் முன்கூடம், வளவு எனும் உள்முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசல்கள் ஒரே கோட்டில் நீண்டு, கடைசியில் பின்தெருவின் வெளிச்சம் உள்ளங்கை அளவுக்குத் தெரியும். 1912இல் கட்டி முடிக்கப்பட்ட செட்டிநாட்டு அரண்மனையின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைவிட, கூரைகளில் விழும் மழைநீரை ஊருணிக்குக் கொண்டு சேர்க்கும்படி இந்த ஊரை வகுத்திருக்கும் நேர்த்தியையே நான் வியப்பேன்.

இருந்தும் கானாடுகாத்தானில் பெரும்பாலான வீடுகளை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். காரணம் எளிது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் கொண்டுவிற்று, அதாவது வட்டித் தொழில் செய்து, சேர்த்த செல்வத்தில், பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்டு எழுப்பப்பட்ட வீடுகள் இவை. 1930களின் பொருளாதார மந்தமும், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வருமானத்தின் வேரை அறுத்துவிட்டன. அதன் பிறகு வீடு பங்காளிகளிடையே பங்காயிற்று. வளவைச் சுற்றியுள்ள, இரட்டை வீடுகள் எனப்படும் அறைகள் ஆளுக்கொன்றாகப் போயின. இன்று ஓடு மாற்ற வேண்டும் என்றால்கூடச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பத்துப் பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். திருமணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீட்டில் மற்ற நாட்களில் காவலுக்கு ஒருவர் இருப்பார், அவரிடம் சாவி இருக்கும், திறக்க அனுமதி இருக்காது. ஒத்துப்போகாத பங்காளிகளின் வீடு கடைசியில் எங்கே போகிறது என்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்க்கலாம். நிலைக்கதவும் தூணும் விட்டமும் அங்கே தனித்தனியாக விலைக்குச் சாத்தி வைக்கப்பட்டிருக்கும்.

ஆத்தங்குடியில் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்திருக்கிறது. லட்சுமி இல்லம் என்ற பெரிய வீட்டைக் கட்டணம் பெற்றுக்கொண்டு காட்டுகிறார்கள். ஒரே ஒரு வீட்டையாவது உள்ளே போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்பவருக்கு அது போதும். விட்டத்திலும் சுவரிலும் உள்ள வண்ண வேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துவிடும். ஆனால் நான் ஆத்தங்குடியைக் கானாடுகாத்தானுக்கு மேலே வைப்பது அந்த வீட்டுக்காக அல்ல, பூக்கல் எனும் தரைக்கல் செய்யும் பட்டறைகளுக்காக.

ஒருமுறை அங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்று பார்த்தேன். தரையில் அமர்ந்திருப்பவர் கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்து, அதன் மேல் சதுரச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் பூ வடிவத் தகட்டு அச்சைப் பொருத்துகிறார். கரைத்த வண்ணச் சிமெண்டைச் சிறு கரண்டியால் மொண்டு, அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு நிறமாக ஊற்றுகிறார். பிறகு அச்சை நேராக மேலே தூக்குகிறார். அந்த ஒரு நொடியில் கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். வண்ணத்தின் ஈரத்தை இழுக்க மணலும் சிமெண்டும் கலந்த உலர்பொடியைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்து ஒதுக்கி வைக்கிறார். இறுகிய கல் சில நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். கண்ணாடியைப் பிரித்ததும் அதன் பளபளப்பு கல்லின் முகத்தில் ஒட்டிக்கொண்டு வரும். சூளையும் இல்லை, மெருகு இயந்திரமும் இல்லை. ஆள் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத்தான் இந்தத் தரை மெருகேறும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் அது மங்கிப்போகும். புழக்கம் என்ற என் அளவுகோலே இந்தப் பட்டறையில் கிடைத்ததுதான்.

இனிக் கோயில்கள். நகரத்தாரின் குலக்கோயில்கள் 9: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. இவற்றுள் பிள்ளையார்பட்டியை உலகமே அறியும். பாறையைக் குடைந்து வடித்த, ஏறத்தாழ 6 அடி உயரமுள்ள, இரண்டே கைகள் கொண்ட வலம்புரிப் பிள்ளையாரைப் பார்க்க வருவோரில் பெரும்பாலோர், அதே குடைவரையில் சிவலிங்கம் இருப்பதையோ, எக்காட்டூர்க் கோன் பெருந்தச்சன் என்று படிக்கப்படும் பழைய எழுத்துப் பொறிப்பு இருப்பதையோ கவனிப்பதில்லை. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்போது கவனிக்கவும் முடியாது. சதுர்த்தி நாட்களில் போகிறவர் தரிசனம் செய்யலாம், கோயிலைப் பார்க்க முடியாது. அதே சாலையில் திருப்பத்தூர்ப் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கும் வைரவன்பட்டி எவ்வளவோ அமைதியானது. பிள்ளையார்பட்டிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பவர் அதையும் சேர்த்துக்கொண்டால் அந்தப் பயணம் வீண்போகாது.

ஆனால் தேர்வு என் கையில் விடப்பட்டால் கீழச்சிவல்பட்டிப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்வேன். இரணியூரில் ஆட்கொண்டநாதரும் சிவபுரந்தேவியும் எழுந்தருளியிருக்கிறார்கள். இரணியனைக் கொன்ற தோஷம் நீங்க நரசிம்மர் இங்கே சிவனை வழிபட்டார் என்பது தலபுராணம். அம்மன் சந்நிதியின் முன்மண்டபத்தில் நிற்கும் நவதுர்க்கை வடிவங்களை ஒவ்வொன்றாக, யாரும் பின்னாலிருந்து நெருக்காமல், நின்று பார்க்கலாம். கல்லில் அணிகலன்களின் கோவையை இவ்வளவு பொறுமையாகச் செதுக்கிய தச்சர்களுக்குக் கூட்டமில்லாத மண்டபம்தான் நியாயம் செய்கிறது. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் உடன்பிறந்த கோயில்களாகக் கருதப்படுவதால், இந்த இரண்டு கோயிலாரும் தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. ஒன்றில் தேர்க்கூட்டம், இன்னொன்றில் புறாக்களின் சிறகோசை. உறவு மட்டும் மாறவில்லை.

அருகிலுள்ள இளையாத்தங்குடி தொன்மையால் இன்னும் ஒரு படி மேலே. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்த நகரத்தார் முதலில் பெற்ற கோயில் இதுவே என்றும், மற்றவை பிறகு பிரிந்தன என்றும் மரபு சொல்கிறது. கைலாசநாதரும் நித்யகல்யாணியும் இருக்கும் இந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் மட்டும் 7 பிரிவினர்.

இந்தக் கோயில்களின் புழக்கம் அன்றாட வழிபாட்டோடு முடிவதில்லை. திருமணம் உறுதியானால் மணமகன் வீட்டாரின் கோயிலிலிருந்தும் மணமகள் வீட்டாரின் கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். திருமணமான தம்பதியர் ஒரு புள்ளியாக, அதாவது ஒரு குடும்பமாக, கோயில் கணக்கில் ஏறுகிறார்கள். பெண் அன்றுமுதல் கணவனின் கோயிலைச் சேர்ந்தவளாகிறாள். ஹூஸ்டனில் நடக்கும் திருமணத்துக்கும் மாலைக்கு ஏற்பாடு செய்ய இந்த ஊர்களுக்குத்தான் தொலைபேசி வரும். பங்காளிகள் ஒப்பாமல் வீடு இடிந்து போகலாம். கோயில் மாலை வாங்காமல் யாரும் விடுவதில்லை. வீடா கோயிலா என்ற கேள்விக்கு நான் கோயில் என்று சொல்வது இதனால்தான்.

கோட்டை பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் திருமயம் ஒன்றே போதும். 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை, உச்சியில் பீரங்கி, அடிவாரத்தில் அடுத்தடுத்துச் சிவனுக்கும் திருமாலுக்கும் குடைவரைகள் என்று அரை நாளை விழுங்கிவிடும். பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலையும் நல்ல இடம்தான். ஆனால் ஒரே நாள் வைத்திருப்பவருக்கு அது வழி விலகிய பயணம். ஊரார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் காக்கும் கொள்ளுக்குடிப்பட்டிப் பறவைகளைப் பார்க்க மழைக்காலத்துக்குப் பிறகுதான் வர வேண்டும். கோடையில் அந்தக் கண்மாய் வறண்டு கிடக்கும்.

ஆகவே ஒரு நாளை நான் இப்படித்தான் பங்கிடுவேன். கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதால் காலையில் முதலில் இரணியூர், அடுத்து இளையாத்தங்குடி. வெயில் ஏறியதும் ஆத்தங்குடிப் பட்டறையும் பெரிய வீடும். கானாடுகாத்தானுக்கு ஒரு மணி நேரம், அதுவும் தெருக்களில் நடப்பதற்கு மட்டும். திரும்பும் வழியில், காரைக்குடியை ஒட்டியே இருந்தும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத கோவிலூர். அங்கே கொற்றவாளீஸ்வரர் கோயிலும் வேதாந்த மடமும் இருக்கின்றன. கல் படிகள் இறங்கும் குளக்கரையில் மாலை ஐந்து மணிக்குமேல் உட்கார்ந்தால், நடை திறந்த கோயிலின் மணியோசை தண்ணீரின் மேல் தவழ்ந்து வரும். கார் ஓட்டுநர் காத்திருப்புக் கட்டணம் கேட்பார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வரவும்.