மரினா பே குரூஸ் சென்டர்: கப்பல் தாமதமாகும் நாளில் எப்படி?

சிங்கப்பூரின் மரினா பே குரூஸ் சென்டர் வழக்கமான நாளில் வேலை தெரிந்த சுற்றுலாக் கப்பல் முனையம். பெட்டியைக் கொடுத்தல், செக்-இன், ஸ்கேனர், இமிகிரேஷன் என்று வரிசை தடங்கலின்றி நகரும். கப்பல் மூன்று நான்கு மணி நேரம் பிந்தி வரும் நாள்தான் சோதனை. கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் வருகிறவர்கள் அன்று படும் பாட்டில் பாதியைத் தவிர்க்க முடியும் என்பதால், அந்த நாளை வைத்தே இந்த மதிப்பீடு.

2012-இல் திறந்தபோது 6,800 பேரைக் கையாளும் அளவில் கட்டிய இடம் இது. இங்கு வரும் பெரிய கப்பல் ஒன்றிலேயே 4,000 பேருக்கு மேல் இருப்பார்கள். வழக்கமாகக் காலையில் அத்தனை பேர் இறங்கிப் போன பிறகு, மதியம் அதே அளவு கூட்டம் ஏறும். கப்பல் பிந்தினால் இரண்டு கூட்டமும் ஒரே கூரைக்குள் சேர்ந்துவிடும். ஆட்களை வேகமாக நகர்த்தத்தான் கூடத்தை அமைத்திருக்கிறார்கள்; அத்தனை பேரும் மணிக்கணக்கில் உட்காரும் ஏற்பாடு அதில் கிடையாது.

கப்பல் மூன்று மணி நேரம் பிந்தினால் போர்டிங்கும் மூன்று மணி நேரம்தான் பிந்தும் என்று கணக்குப் போடாதீர்கள். பழைய பயணிகள் கடைசி ஆள் வரை இறங்கி, எண்ணிக்கை சரிபார்த்த பிறகே புதியவர்களை விடுவார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கான பெட்டிகள் இறங்க வேண்டும், கேபின்களில் படுக்கை விரிப்பு மாற வேண்டும், அரிசி, காய்கறி, முட்டை எல்லாம் சுமை சுமையாக ஏற வேண்டும். போன பயணத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு பரவியிருந்தால் கைப்பிடி, லிஃப்ட் பொத்தான் வரை மருந்து போட்டுத் துடைப்பார்கள். அதற்குத் தனி நேரம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்க் காற்றும் மழையும் வரும். மின்னல் எச்சரிக்கை விழுந்தால் வெளியே பெட்டி தூக்குகிறவர்கள் உள்ளே வந்துவிட வேண்டும், வேலை அப்படியே நிற்கும். ஆகவே அறிவித்த புதிய நேரத்தோடு இன்னும் ஒரு மணி நேரத்தைச் சேர்த்தே திட்டமிடுங்கள்.

தாமத அறிவிப்பு மின்னஞ்சலிலும் கப்பல் நிறுவனத்தின் ஆப்பிலும் வரும். புக்கிங் செய்தது டிராவல் ஏஜென்ட் என்றால் அது அவருடைய மின்னஞ்சலுக்குப் போய்த் தூங்கும். உங்கள் எண்ணும் முகவரியும் பதிவில் இருக்கிறதா என்று பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். புது நேரம் வந்த பின்னும் பழைய நேரத்துக்கே போய் நிற்பவர்களால்தான் கூடம் நிரம்புகிறது. சீக்கிரம் போனால் சீக்கிரம் ஏறலாம் என்பது அன்று மட்டும் பலிக்காது.

ஹோட்டலில் லேட் செக்-அவுட் கேளுங்கள், கிடைக்காவிட்டால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போங்கள். முனையத்துக்கு வந்த பிறகுதான் சேதி தெரிந்ததென்றால், பெட்டி வாங்கும் கவுன்ட்டர் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். செக்-இன் தொடங்கும் முன்பே பெட்டியை வாங்கிக்கொள்வது உண்டு. கை காலியானதும் கூரை போட்ட பாதையில் நடந்து மரினா சவுத் பியர் எம்ஆர்டி மெட்ரோ நிலையத்துக்குப் போய்விடலாம். நான்காவது நிறுத்தம் தோபி காட். அங்கே வடகிழக்குத் தடத்துக்கு மாறினால் அடுத்ததே லிட்டில் இந்தியா. சிராங்கூன் ரோட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, நிதானமாகத் திரும்பி வரலாம்.

பெட்டி டேக் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். அச்சடித்த தாளை நீளவாக்கில் மடித்து, கைப்பிடியைச் சுற்றி, முனைகளைச் சேர்த்து மூன்று ஸ்டேப்பிள் பின் அடியுங்கள். மேலே அகல செலோ டேப் முழுவதும் ஓட வேண்டும். வெறும் தாள் நனைந்தால் பின் அடித்த துளையிலேயே கிழியும். பெட்டிக்குள்ளும் பெயரும் கேபின் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றைப் போடுங்கள். இஸ்திரிப் பெட்டி, எலக்ட்ரிக் கெட்டில், எக்ஸ்டென்ஷன் கார்டு, ஊதுபத்தி, மெழுகுவத்தி இருந்தால் பெட்டி பாதுகாப்பு அறையில் தங்கிவிடும். இரவு எட்டு மணிக்கும் கேபினுக்கு வராத பெட்டியை முதலில் தேட வேண்டிய இடம் அதுதான். தாமத நாளில் மற்றப் பெட்டிகளுமே இரவுதான் வரும். மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுடை, குழந்தைக்கு வேண்டியது எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்ல வேண்டும். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும்போது சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைகிறீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரர்களின் விசா அதற்கும் செல்லுபடியாக வேண்டும். விமானத்தில் வந்தபோது நிரப்பிய எஸ்ஜி அரைவல் கார்டு (சிங்கப்பூர் நுழைவு இணையப் படிவம்) கப்பலிலிருந்து திரும்பும்போது உதவாது. திரும்பும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் புதிதாக நிரப்ப வேண்டும். கடலில் இணையம் விலை அதிகம், கரையில் இறங்கும் ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

கப்பலில் ஏறியதும் எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் பாதுகாப்புப் பயிற்சியை முடியுங்கள். 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கோர்டியா என்ற கப்பல் கவிழ்ந்த பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இதை நடத்தியே ஆக வேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது. பல கப்பல்களில் வீடியோ பார்த்துவிட்டு, உங்கள் கேபின் அட்டையில் குறித்த இடத்துக்குப் போய் ஸ்கேன் செய்தால் போதும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி: அந்த எச்சரிக்கையைக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். கடைசி நேரத்தில் போனால் அங்கும் வரிசைதான். இரவுச் சாப்பாட்டு நேரமும் மாறியிருக்கும், ஆப்பில் பாருங்கள்.

இழப்பீடு விஷயத்தில்தான் பயணிக்குப் பலம் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகத்தில் ஏறினால், 90 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும்போது சிற்றுண்டியோ சாப்பாடோ தர வேண்டும் என்கிறது 1177/2010 ஒழுங்குமுறை. சிங்கப்பூரில் அது செல்லாது. டிக்கெட் ஒப்பந்தத்தில் இருப்பதுதான் பேசும். பயணக் காப்பீடு இருந்தால் எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு அது பணம் தரும் என்று பார்த்து, கப்பலின் கெஸ்ட் சர்வீஸில் தாமதத்தை உறுதிசெய்யும் கடிதம் ஒன்றை முதல் இரண்டு நாளிலேயே வாங்கிவையுங்கள். தாமதத்தால் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டால், அதன் துறைமுகக் கட்டணம் பெரும்பாலும் உங்கள் கப்பல் கணக்கில் வரவாகும். இறங்குவதற்கு முந்தைய இரவு பில்லில் அந்த வரியைத் தேடுங்கள். காலையில் கவுன்ட்டர் முன் நிற்க இடம் இருக்காது.