காரைக்குடி வங்கிகளில் தமிழ்: கவுண்டரில் உண்டு, கடன் மேஜையில் கேட்டு வாங்க வேண்டும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பொதுத்துறை வங்கிகளில் பணம் போடவும் எடுக்கவும் தமிழ் மட்டும் தெரிந்தால் போதும். நகைக்கடன் என்று உள்ளே போனால்தான் தமிழைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இருப்பது பலருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு மேஜையாகப் பார்ப்போம்.

இந்த வேறுபாடு வேலைக்கு ஆள் எடுக்கும் முறையிலிருந்து வருகிறது. கிளார்க் பணிக்கு மாநிலவாரியாக ஆள் எடுக்கிறார்கள், அவர்களுக்கு அந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும். அதிகாரிகள் அகில இந்திய அளவில் தேர்வாகி ஊர் ஊராக மாற்றலாகி வருகிறவர்கள். கவுண்டரில் "ஆச்சி, இங்கெ ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கேட்கும் குரல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்காமல் போவது இதனால்தான். அந்த அதிகாரி மீது கோபப்பட்டுப் பயனில்லை.

வங்கித் தொழில் ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது. தமிழ் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத்தின் ஆட்சிமொழி. ஒன்றிய அரசு அலுவலகங்களில் இந்தியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள், தொடக்க வரியிலேயே தமிழ்நாடு நீங்கலாக என்று சொல்கின்றன. இருவர் அதிகாரமும் சந்திக்கிற இடம் வங்கிக் கவுண்டர். இங்கே வாடிக்கையாளர் கைக்கு வரும் சலான், கணக்குத் தொடங்கும் படிவம், பாஸ்புக் எல்லாம் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி என மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. சலானில் இது ஒழுங்காக நடக்கிறது. குறை பாஸ்புக்கில்தான். அட்டையில் தமிழ் இருக்கிறது, உள்ளே அச்சாகும் வரிகள் ஆங்கிலச் சுருக்கெழுத்து.

காசோலை விஷயம் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியது. அச்சு இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தாலும், நிரப்புவதைத் தமிழில் நிரப்பலாம். ரிசர்வ் வங்கி இதை வெளிப்படையாக அனுமதித்திருக்கிறது. எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. அதாவது நீங்கள் எழுதும் தமிழ்ச் சொல்தான் பணத்தை நகர்த்துகிறது. சறுக்கும் இடம் ஒன்பதுதான். 90 என்றால் தொண்ணூறு, 900 என்றால் தொள்ளாயிரம், 9,000 என்றால் ஒன்பதாயிரம். அவசரத்தில் தொண்ணூறும் தொள்ளாயிரமும் இடம் மாறிவிடும். இப்போது காசோலையின் படம்தான் கிளியரிங்குக்குப் போகிறது. தேதியைத் தவிர வேறு எதையும் அடித்துத் திருத்த முடியாது, புதுத் தாள்தான் கிழிக்க வேண்டும். தொகையை இடது ஓரத்தில் ஒட்டித் தொடங்கி, 'மட்டும்' என்று முடித்து ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். நம் பக்கத்து விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் போடும் முன்னோர் பெயர்ச் சுருக்கம், கணினிக்குப் புரிவதில்லை. தமிழில் ராம., அரு., பழ., சித. என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அவை ஆர்.எம்., ஏ.ஆர்., பி.எல்., சி.டி. ஆகின்றன. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை (ஐ.ஓ.பி.) திறந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் விலாசத்தில் நிற்கும் 'சிடி'யும் இந்தச் சித.தான். பான் விண்ணப்பமோ இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். அழகப்பன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'அழ.' என்ற விலாசம் ஏ.எல். ஆகிறது. பெயரில் வரும் ழகரத்தை ஒருவர் எல் போட்டு எழுதுகிறார், இன்னொருவர் இசட் எச் போட்டு எழுதுகிறார். ஆதாரில் ஒன்று, பானில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று என்றால் கே.ஒய்.சி. எனும் அடையாளச் சரிபார்ப்பு நின்றுவிடும். கணக்குத் தொடங்குமுன் மூன்றையும் மேஜையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்த்து, பிழையானதை முதலில் திருத்துங்கள். வாரிசு பெயருக்கும் இதே கவனம் வேண்டும், இல்லையென்றால் பின்னால் பிள்ளைகள்தான் அலைவார்கள்.

இனி நகைக்கடன். இங்கேதான் சேவை மிகவும் பின்தங்கியிருக்கிறது. நகையை உரசிப் பார்க்கும் அப்ரைசர் உள்ளூர்க்காரர், பேச்செல்லாம் தமிழில் நடக்கும். பிறகு நீட்டப்படும் தாள்கள் ஆங்கிலம். தமிழில் கையெழுத்திடுபவரிடம் 'படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டேன்' என்ற உறுதிமொழியிலும் ஒரு கையெழுத்து வாங்குவார்கள். படித்துக் காட்டாமலே வாங்கினால் அது உங்களுக்கு எதிரான சாட்சி. படித்து முடிக்கும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி தங்க நகைக்கடனுக்குப் புது விதிகள் கொண்டுவந்தது. கடன் தருகிறவர்கள் அவற்றுக்கு மாற 2026 ஏப்ரல் 1 வரை கெடு கொடுத்தது. நிபந்தனைகள் வட்டார மொழியிலோ, கடன் வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் மொழியிலோ இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வங்கி ஊழியர் அல்லாத ஒரு சாட்சி முன்னிலையில் விளக்க வேண்டும். மதிப்பீடு உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். சான்றிதழில் தரம், மொத்த எடை, நிகர எடை, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தது, நகையின் படம், மதிப்பு எல்லாம் வர வேண்டும். கழுத்துரு (நகரத்தார் திருமணத் தாலி) வைப்பவர்கள், கயிற்றில் கோத்த உருப்படிகளை ஒவ்வொன்றாக எண்ணி அந்த எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். 'செயின் 1' என்று ஒரே வரியில் முடித்தால் மீட்கும்போது வழக்கு. கடனைக் கட்டி முடித்த அன்றோ, அதிகம் போனால் 7 வேலை நாளுக்குள்ளோ நகை கைக்கு வந்தாக வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு.

ஏ.டி.எம். பரவாயில்லை. திரையில் தமிழ் தேர்ந்தெடுத்தால் வருகிறது, ரசீது மட்டும் பெரும்பாலும் ஆங்கிலம்.

புகார் செய்யத் தமிழ் தாராளமாகப் போதும். ஒன்றிய அரசு அலுவலகம் எதற்கும் குறைதீர்க்கும் மனுவை நாட்டில் புழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆவது கூறு. பொதுத்துறை வங்கிக்குத் தகவல் உரிமை மனுவையும் 10 ரூபாய் கட்டணத்தோடு தமிழில் எழுதலாம். சேவைக் குறை என்றால் முதலில் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். சண்டிகரில் உள்ள அவர்களது மையம் எந்த மொழியில் எழுதிய தபாலையும் எடுத்துக்கொள்கிறது. விவரம் கேட்க 14448. கிளையில் கொடுக்கும் கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத கடிதத்துக்கு 30 நாள் என்றைக்குத் தொடங்கியது என்று காட்ட முடியாது.