சிலந்தி வலைக்கு 256 ஹெர்ட்ஸ் இசைக்கவை: வாங்கலாமா?

பூச்சி சிக்கியதுபோல வலையை அதிரவைத்துச் சிலந்தியை வரவழைக்க, மருத்துவக் கருவிக் கடைகளில் கிடைக்கும் 256 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 256 அதிர்வு) அலுமினிய இசைக்கவை, அதாவது தட்டினால் ஒரே சுருதியில் அதிரும் இரு கிளைக் கவை, நன்றாகவே உதவுகிறது. ஈயின் சிறகடிப்பு நொடிக்குச் சுமார் 200. அதற்கு இது பக்கம். 128 ஹெர்ட்ஸ் கவையின் அசைவு பெரிது, இழை அறுந்துவிடலாம். திருகு எடை பொருத்திய வகை வேண்டாம்; எடை தளர்ந்தால் கடகடக்கும்.

ரப்பர் துண்டில் மெதுவாகத் தட்டி, 2 நொடி அடங்கவிட்டு, நுனியால் ஆர இழையை (வலையின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் இழையை) தொடுங்கள். சுருள் இழையென்றால் பசை ஒட்டும். நடுவிலிருக்கும் சிலந்தி இழைகளைக் காலால் இழுத்துப் பார்த்து, கவையை நோக்கி ஓடிவரும். வலையைத் தொடாமல் சிலந்தியருகே காட்டினாலோ, நூலில் தொங்கிக் கீழிறங்கும், 1880-இல் ஆங்கில இயற்பியலாளர் சி. வி. பாய்ஸ் பதிவு செய்ததும் இதைத்தான். பலமாகத் தட்டினால் ஆர்கியோப் வகைச் சிலந்தி வலையையே உலுக்கும். பசியல்ல, மிரட்டல்! காற்று வீசும்போது எடுக்கவே வேண்டாம்.