ரிவர்ஸ் கேமரா, சென்சார், சக்கரக் கட்டை: வேலை வண்டிகளில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பிக்கப், மூடிய வேன், டிப்பர், லாரி என்று வேலைக்கு ஓடும் வண்டிகளில், ரிவர்ஸ் எடுக்கவும் நிறுத்தவும் மாட்டிய கருவிகள் வருடக்கணக்கில் உழைத்த பிறகு எப்படி இருக்கின்றன என்பதுதான் இங்கே விஷயம். மாட்டிய புதிதில் எல்லாமே நன்றாகத்தான் வேலை செய்யும். சேறு, அதிர்வு, பிரஷர் வாஷ் இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் எது தாங்கும், எது தாங்காது என்று தெரியும்.

கேமரா வாங்கும்போது எல்லோரும் படத்தின் தெளிவைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் முதலில் போவது லென்ஸ் அல்ல, கனெக்டர். காருக்கான கிட்டில் வரும், அழுத்திச் செருகும் பின், லாரியின் அதிர்வில் தளர்ந்து பச்சை பூத்துவிடும். திருகி இறுக்கும் நான்கு பின் கனெக்டர் உள்ளதை வாங்குங்கள். கனெக்டருக்குள் நுழையும் முன் வயரைக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டுக் கட்டினால், வயர் வழியே ஓடி வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே போகாது. 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் கேமராவைக் கொடுத்தால் கருகிவிடும். இரண்டையும் ஏற்கும் கேமராவா என்று லேபிளைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். பெரும்பாலும் ரிவர்ஸ் லைட் வயரிலிருந்தே கரண்ட் எடுப்பார்கள். லைட்டின் எர்த் துருப்பிடித்தால் படம் ஆடும். சில புதிய வண்டிகளில் அந்த லைட்டுக்குக் கரண்ட் விட்டுவிட்டுத் துடிப்பாக வரும். அதிலும் படம் வெட்டும். பில்டர் வைத்த ரிலே (கரண்டின் துடிப்பைச் சமன் செய்யும் பாகத்தோடு வரும் மின் சுவிட்ச்) போட்டு, ஃபியூஸ் வழியாக பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் சரியாகிவிடும்.

திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளை அப்படியே நம்பக் கூடாது. அவை சமதரைக்குக் கணக்கிட்டவை. பின்னால் தரை மேடாக ஏறினால், பொருள் கோட்டில் காட்டுவதைவிடக் கிட்டே இருக்கும். இன்னொரு லாரியின் நீட்டிய பாடி, பாதி திறந்த டெயில் கேட், ரேக்கிலிருந்து துருத்தும் குழாய் போன்றவை தரையைத் தொடாதவை. கோடு தரையைத்தான் அளக்கும். அவையோ அதற்கு முன்பே வண்டியில் இடித்துவிடும். இடித்த பிறகு "கேமராவில் இடம் இருந்ததே" என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான். அகலக் கோண லென்ஸ் எல்லாவற்றையும் தள்ளிக் காட்டும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். மாட்டியதும் பாடியின் கடைசி முனையிலிருந்து அரை மீட்டர், 1 மீட்டர், 3 மீட்டர் தூரத்தில் தரையில் டேப் ஒட்டிக் கோட்டைச் சரி செய்யுங்கள். பம்பரிலிருந்து அளக்காதீர்கள், டிப்பரில் பம்பரைத் தாண்டிப் பாடி நீண்டிருக்கும்.

சென்சார் பற்றி எங்கள் கருத்து கொஞ்சம் கடுமையானது. மூடிய வேனுக்குக் கொடுத்த காசு வீண் போகாது. டிப்பருக்கு வேண்டாம். 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலி அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவி அது. சுவர், நின்றிருக்கும் வண்டி போன்ற அகலமான பரப்பை நன்றாகப் பிடிக்கும். மெல்லிய கம்பி, வலை வேலி, துணி மூட்டை, சாய்வாக நிற்கும் பலகை இவற்றில் ஏமாந்துவிடும். மிகக் கிட்டே, சுமார் 30 சென்டிமீட்டருக்குள் வந்த பொருளின் தூரத்தைச் சரியாகச் சொல்லாது. தரையிலிருந்து 50 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்ட வேண்டும். தாழ்த்தினால் தரையையே தடையாக எண்ணிக் கத்தும். இழுவைக் கொக்கி உள்ள வண்டியில் கொக்கியைப் பார்த்துக் கத்தும். முகத்தில் சேறு அப்பினாலும் கத்தும். இப்படி ஓயாமல் கத்தினால் ஓட்டுநர் ஒருநாள் வயரைப் பிடுங்கிவிடுவார், அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. எது செத்துவிட்டது என்று அறிய, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து, ரிவர்ஸ் கியர் போட்டு ஒவ்வொரு சென்சாரிடமும் காதை வையுங்கள். வேலை செய்வதில் மெல்லிய டிக் டிக் கேட்கும்.

ரிவர்ஸ் அலாரத்தில் பீப் வகையைவிட 'புஸ் புஸ்' என்று இரையும் வகை மேல். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது உடனே பிடிக்கும், தூரத்தில் இருப்பவருக்கும் தொல்லை இல்லை. 97 டெசிபெல் பொதுவாகப் போதும்; இரைச்சல் மிகுந்த இடத்துக்கு 107. வாய் மேலே பார்க்க மாட்டினால் மண் அடைத்துவிடும்.

இத்தனையிலும் விலை குறைந்ததும், நீண்ட நாள் உழைத்ததும் சக்கரக் கட்டைதான். ஆனால் கண்டதை வைத்தால் அது கட்டை ஆகாது. செங்கல் நொறுங்கும், உருண்டைக் கல் உருளும், மரத்துண்டு நார்வாக்கில் பிளக்கும். ரப்பர் கட்டை ஈரமான கான்கிரீட்டிலும் பிடித்து நிற்கும். கடின பிளாஸ்டிக் அதே இடத்தில் வழுக்கும். டயரின் விட்டத்தில் கால் பங்கு உயரம் என்பது ஒரு நல்ல கணக்கு: 1 மீட்டர் டயருக்கு 25 சென்டிமீட்டர். போடும்போது ஜோடியாகப் போடுங்கள். சரிவில் இரண்டும் பள்ளப் பக்கம், வலது டயருக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. சமதரையில் ஒரே டயரின் முன்னும் பின்னும். டயரின் நடுவில் ஒட்டி இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் வண்டி வேகம் எடுத்து ஏறிவிடும். முன்சக்கரம் திரும்பக்கூடியது, அதனால் பின் ஆக்சிலுக்கே போடுங்கள். சுமை ஏற்றிய பிறகு டயர் கட்டை மேல் அழுந்தி இறுகிவிடும். காலால் உதைத்து எடுக்கக் கூடாது. வண்டியைக் கட்டைக்கு எதிர்த் திசையில் அரையடி நகர்த்தி, மறுபடி பிரேக் போட்டுவிட்டு எடுங்கள்.

நிறுத்தும் வரிசையும் முக்கியம். கால் பிரேக்கை அழுத்தி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, காலை மெல்ல எடுங்கள். வண்டி நகராமல் அமர்ந்தால்தான் ஹேண்ட் பிரேக் தாங்குகிறது. அதன் பிறகே கியர்: மேட்டை நோக்கி நின்றால் முதல் கியர், பள்ளத்தை நோக்கி நின்றால் ரிவர்ஸ். ஆட்டோமேட்டிக்கில் இதே வரிசைக்குப் பிறகு 'பி'. நேராக 'பி' போட்டால் முழு எடையும் கியர்பாக்ஸின் சின்னத் தாழ் மேல் விழும். டிஸ்க் வகை ஹேண்ட் பிரேக்கில் ஒரு சிக்கல் உண்டு. இறக்கத்தில் இறங்கி வந்த சூட்டோடு இழுத்தால், டிஸ்கும் பேடும் ஆறிச் சுருங்கும்போது பிடி தளரும். ஆள் போன பிறகு வண்டி நகர்வது இப்படியும் நடக்கும். ஆறிய பிறகு இன்னொரு முறை இழுத்து விடுங்கள், கட்டையும் போடுங்கள். ஏர் பிரேக் லாரியில் நிற்கும்போது பிடிப்பது ஸ்பிரிங். பிரேக் லைனிங் தேய்ந்து, அந்தத் தேய்மானத்துக்கு ஏற்ப இடைவெளியைக் குறைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரி செய்யாமல் இருந்தால் ஸ்பிரிங் நீண்டு அதன் வலு குறைந்துவிடும்.

ரிவர்ஸை எப்போதும் ஸ்டீயரிங் இருக்கும் பக்கமாக எடுங்கள், ஜன்னலிலிருந்து பின்முனை நேராகத் தெரியும். பின்னால் நின்று சைகை காட்டுபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். ஆனால் "நில்" என்று யார் சொன்னாலும் நிற்க வேண்டும். சைகை காட்டுபவர் மிரரில் மறைந்த நொடியே பிரேக். பின் ஆக்சிலுக்குப் பின்னால் பாடி நீளமான வண்டியை நெருக்கத்திலிருந்து வெளியே எடுக்கும்போது, ஸ்டீயரிங்கை உடனே ஒடித்தால் வால் எதிர்ப்பக்கம் வீசும். பக்கத்து வண்டியைத் தாண்டும்வரை நேராக வாருங்கள்.

சரக்கு இறக்கிய வேன் ஸ்பிரிங் தளர்ந்து உயர்ந்திருக்கும். உள்ளே வரும்போது தட்டாத கதவுச் சட்டம் திரும்பும்போது கூரை ரேக்கில் தட்டுவது இதனால்தான். கேபினில் ஒட்டும் உயரம் காலி வண்டியின் உயரமாக, ரேக்கையும் அதன் மேல் கட்டிய ஏணியையும் சேர்த்து அளந்ததாக இருக்கட்டும்.